எண்ணெய்க் கிணறு முதல் இரத்தக் குழாய் வரை

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கை ஈரமாக இருந்தால் கிழிக்க வராது; பல்லால் கடித்துத்தான் மூலையைப் பிய்ப்போம். பிய்ந்த துணுக்கு சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. குளிக்கிற தண்ணீரோடு அது சாக்கடைக்குப் போய்விடும். மீதி உறை குப்பைக்கு. தலைக்குத் தேய்த்து அலசி முடிக்க ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்று பார்த்தால் பிளாஸ்டிக்கின் முழு விவரமும் அதில் அடங்கிவிடும்.

பிளாஸ்டிக் என்றதும் நம் நினைவுக்கு வருவது குப்பை மேடும் அடைத்துக்கொண்ட கால்வாயும்தான். அதனால் தீமை எல்லாம் நாம் தூக்கி எறிந்த பிறகுதான் தொடங்குகிறது என்று எண்ணிவிடுகிறோம். குப்பையைத் தொட்டியில் போடச் சொல்லும் பிரச்சாரங்களும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. பாக்கெட் நம் கைக்கு வந்து சேருவதற்குள்ளேயே கணிசமான கேடு நடந்து முடிந்திருக்கிறது. அதில் நமக்குப் பங்கு குறைவு, தயாரிப்பவர்களுக்குப் பங்கு அதிகம். இதைச் சொல்லாமல் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது என்பது என் கருத்து.

ஷாம்பு பாக்கெட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் இந்தியாவில் சிறு பாக்கெட் விற்பனைக்கு முன்னோடி. பெரிய பாட்டிலை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களும் ஷாம்பு, டால்கம் பவுடர் போன்றவற்றை வாங்க வேண்டும் என்று நினைத்தார் அவர். அவருடைய பிள்ளைகள் அந்த யோசனையைப் பெரும் வணிகமாக வளர்த்தார்கள். தினக்கூலி வாங்குகிற குடும்பத்துக்கு ஒரு ரூபாய் பாக்கெட் செய்த உதவியை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். வாங்கிய ஏழையின் மேல் குற்றம் இல்லை. அந்த உறை என்ன ஆகும் என்று விற்ற கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக யோசிக்கவே இல்லை என்பதுதான் குற்றம்.

உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே தாள்போலத் தெரியும். உண்மையில் அது இரண்டு மூன்று அடுக்கு. அச்சுப் பதிவதற்காக வெளியே பாலியெஸ்டர், காற்றும் ஈரமும் புகாமலிருக்க நடுவில் அலுமினியம் அல்லது அலுமினியப் பூச்சு, சூட்டில் ஒட்டி மூடுவதற்காக உள்ளே பாலிஎத்திலீன். பசை வைத்து ஒட்டிய இந்த அடுக்குகளை மறுபடி பிரிப்பது கடினம், பிரித்தாலும் கட்டுப்படியாகாது. இந்த ஒட்டுதலே பிற்பாடு பெரிய தலைவலியாகிறது. அதற்கு முன் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

மண்ணுக்கடியிலிருந்து ஆலைக்கு

உலகில் தயாராகும் பிளாஸ்டிக்கில் கிட்டத்தட்ட எல்லாமே கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்து வருபவை. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் நாப்தாவை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடைக்கிறார்கள். அதிலிருந்து எத்திலீன் வாயு கிடைக்கிறது. எத்திலீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிஎத்திலீன். இவ்வளவு சூடாக்க ஏகப்பட்ட எரிபொருள் வேண்டும். 2019இல் உலகம் 46 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுத்தியது. 1950இல் அது வெறும் 20 லட்சம் டன். புவியைச் சூடாக்கும் வாயுக்களில் 3.4 சதவீதம் பிளாஸ்டிக்கால் வருகிறது என்றும், அதில் சுமார் 90 சதவீதம் தயாரிப்புக் கட்டத்திலேயே வெளியாகிவிடுகிறது என்றும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நாம் பாக்கெட்டை எவ்வளவு பொறுப்பாகத் தொட்டியில் போட்டாலும் அந்த 90 சதவீதத்தில் ஒரு துளியும் குறையாது.

இந்த ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை வடசென்னைக்காரர்களிடம் கேட்க வேண்டும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றிப் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் இருக்கின்றன. ஸ்பாஞ்ச் மெத்தைக்கு வேண்டிய மூலப்பொருள் அங்கே தயாராகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நகரத்தின் பாதிக் குப்பை வந்து சேரும் கொடுங்கையூர் கிடங்கு. பிளாஸ்டிக்கின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மக்கள் தலையில் கட்டியிருக்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடிகள் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பிசின். கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிக்கொண்டு தவித்தன. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்த எண்ணெய் முழுவதும் பிளாஸ்டிக்குக்காக வந்ததல்ல. ஆனால் பிளாஸ்டிக் கூடக்கூட இந்தத் தொழில் பெருகும். மின்சார வண்டிகள் வந்தால் பெட்ரோல் விற்பனை குறையும் என்று அறிந்த எண்ணெய்க் கம்பெனிகள் அடுத்த வருமானத்துக்கு நம்பியிருப்பது பெட்ரோகெமிக்கலைத்தான்.

ஆலைக்குள் இருக்கும் ஆபத்து வேறு ரகம். பி.வி.சி. குழாயின் மூலப்பொருள் வினைல் குளோரைடு வாயு. 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரே ஆலையின் தொழிலாளர்கள் சிலருக்கு மிக அரிதான கல்லீரல் புற்றுநோய் வந்தது வெளியே தெரிந்த பிறகுதான் அந்த வாயு புற்றுநோய் தரும் என்பது உறுதியானது. தெர்மாகோலும் பழைய டீக்கப்பும் பாலிஸ்டைரீன். அதன் மூலப்பொருள் ஸ்டைரீன். 2020 மே 7 அதிகாலை, விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து அந்த ஸ்டைரீன் ஆவி கசிந்தது. ஊரடங்குக் காலம், ஆலை பல வாரம் மூடிக் கிடந்தது, தொட்டியின் வெப்பத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த வெங்கடாபுரம் மக்கள் எழுந்து ஓடி வழியிலேயே மயங்கி விழுந்தார்கள். 12 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில். அவர்களில் யாரும் பிளாஸ்டிக் குப்பை போட்டதற்காகச் சாகவில்லை.

குருணையாகக் கடலில்

ஆலையிலிருந்து பிளாஸ்டிக் பாக்கெட்டாக வெளியே வருவதில்லை. பருப்பு அளவு வெள்ளைக் குருணையாக, 25 கிலோ மூட்டைகளில் வருகிறது. அதை உருக்கித்தான் தாளும் பாட்டிலும் குடமும் செய்கிறார்கள். கப்பலில் ஏற்றி இறக்கும்போது இந்தக் குருணை கொட்டினால் திரும்பப் பொறுக்குவது ஆகாத காரியம்.

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது. நீர்கொழும்புப் பக்கம் கரை வெண்மையாகிப் போனது. சில இடங்களில் பாதி எரிந்து கருகிய கட்டிகள். ஆமைகள் செத்து ஒதுங்கின, மீனவர்கள் மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியவில்லை. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதே 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 640 கண்டெய்னர்களுடன் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. அதன் குருணை மூட்டைகள் கேரளக் கரையோடு நிற்காமல் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைகளிலும் வந்து ஒதுங்கின. ஈர மணலைச் சல்லடையில் அள்ளிச் சலித்துக் குருணையைப் பிரிக்க வேண்டியிருந்தது. மீனுக்கும் பறவைக்கும் அது முட்டைபோலத் தெரியும், விழுங்கிவிடும். கடலில் கரைந்திருக்கும் பூச்சிக்கொல்லி மாதிரியான நச்சுக்களும் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் பிளாஸ்டிக் நம் வீட்டுக்குள் வருகிறது.

கையில் இருக்கும்போது

வெறும் பாலிஎத்திலீன் சங்கிலியை மட்டும் வைத்து யாரும் பொருள் செய்வதில்லை. வளைய ஒன்று, வெயிலில் வெடிக்காமலிருக்க ஒன்று, நிறத்துக்கு ஒன்று, சீக்கிரம் தீப்பற்றாமலிருக்க ஒன்று என்று வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக்கில் பயன்படுகிற அல்லது காணப்படுகிற வேதிப்பொருள்கள் 16,000க்கு மேல் என்று 2024இல் நார்வே தலைமையில் வந்த அறிக்கை பட்டியலிட்டது. அவற்றில் 4,200க்கு மேற்பட்டவை கவலைக்குரியவை. 10,000க்கு மேற்பட்டவை பற்றிப் பாதுகாப்புத் தகவலே இல்லை. சோதித்துப் பார்க்காத பொருளைச் சோற்றுப் பாத்திரமாக நீட்டுகிறார்கள், நாமும் வாங்கிக்கொள்கிறோம்.

இவற்றில் பல, பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் சேர்ந்தால் வெளியே கசியும். நம் ஊரில் மூன்றும் சேரும் இடம் பார்சல் சாம்பார். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கவரில் ஊற்றி, ரப்பர் பேண்டு போட்டு முறுக்கிக் கட்டி, வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்வரை அது அந்தச் சூட்டிலேயே இருக்கும். டீயைக் கவரில் கட்டி வாங்குவதும் அப்படித்தான். பேப்பர் கப் என்று நம்புவதிலும் உள்பக்கம் பாலிஎத்திலீன் பூச்சு உண்டு. அதில் 100 மில்லி சூடான தண்ணீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலந்துவிடுவதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள்.

பி.வி.சி.யை நெகிழச் செய்யும் தாலேட்டுகளும், பாலிகார்பனேட்டில் இருக்கும் பிஸ்ஃபீனால் ஏவும் உடலின் ஹார்மோன்களைக் குழப்புபவை. கருவிலிருக்கும் குழந்தைக்கும் பச்சிளம் குழந்தைக்கும்தான் இதனால் ஆபத்து அதிகம்; உறுப்புகள் உருவாகும் வேளையில் மிகச் சிறு அளவும் வேலையைக் காட்டும். உணவு படும் பொருள்களில் பிஸ்ஃபீனால் ஏவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை முடிவெடுத்தது.

மருத்துவமனையின் இரத்தப் பையும் ஊசிக் குழலும் பிளாஸ்டிக்தான், அவை உயிர் காக்கின்றன. அங்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாம்பார் கவரைக் காப்பாற்ற இரத்தப் பையைக் காட்டுகிறவர்களிடம்தான் என் சண்டை.

குப்பையான பிறகு

2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரித்தது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் கிடங்குகளிலும் வெட்டவெளியிலும் கிடக்கிறது. தண்ணீர் பாட்டிலுக்கும் பால் கவருக்கும் பழைய பேப்பர் கடையில் காசு உண்டு, அதனால் அவை ஓரளவு திரும்பி வரும். நம் ஷாம்பு பாக்கெட்டைக் காயலான் கடையில் கொடுத்தால் சிரிப்பார்கள். பாலியெஸ்டரும் அலுமினியமும் பாலிஎத்திலீனும் ஒட்டிய துணுக்கை என்ன செய்ய முடியும்?

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2016இல் வந்த மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றன. கெடு முடியும் நேரத்தில், 2018 மார்ச்சில், அந்த வரி திருத்தப்பட்டது. எரித்து ஆற்றல் எடுக்க முடியாததும் வேறு பயனே இல்லாததும் மட்டும் ஒழிந்தால் போதும் என்று ஆனது. எரிக்க முடியாத பிளாஸ்டிக் எது? பாக்கெட் தப்பித்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களைத் தடை செய்தபோதும், மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் இன்னொரு பட்டியலைத் தடை செய்தபோதும் ஷாம்பு பாக்கெட் அவற்றில் இல்லை. சந்தையில் கவரில் கீரை கட்டித் தரும் அம்மாவுக்கு அபராதம் விழுகிறது. சரம் சரமாகப் பாக்கெட் அடிக்கும் ஆலைக்கு ஒன்றுமில்லை.

திரும்பி வராத பிளாஸ்டிக் நம் நாட்டில் பெரும்பாலும் நெருப்பில்தான் முடிகிறது. 2024இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு 93 லட்சம் டன் பிளாஸ்டிக்கைக் கட்டுப்பாடில்லாமல் சூழலில் விடும் இந்தியாதான் உலகில் முதலிடம். அதில் 58 லட்சம் டன் எரிக்கப்படுகிறது. நம் அரசின் கணக்கில் மொத்தப் பிளாஸ்டிக் கழிவே சுமார் 40 லட்சம் டன்தான். கிராமங்களில் சேரும் குப்பையும், யாரும் அள்ளாமல் தெருவிலேயே கொளுத்துவதும் அரசுக் கணக்கில் வராததே இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எரிந்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்குச் சென்னை பெருங்குடி ஒரு பாடம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பல்லாண்டுகளாகக் குப்பை கொட்டி, அது அடிக்கடி புகைந்துகொண்டிருந்த இடம். குப்பையில் பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் சேர்ந்து அரைகுறையாக எரியும்போது டையாக்சின் உண்டாகும். மனிதனுக்குத் தெரிந்த கொடிய நச்சுக்களில் அது ஒன்று. புற்றுநோய் தரும், கொழுப்பில் தங்கும், பல ஆண்டுகள் உடலைவிட்டுப் போகாது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருங்குடி கிடங்கைச் சுற்றி வாழ்ந்த தாய்மாரின் தாய்ப்பாலைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். கிடங்கிலிருந்து தள்ளி வாழும் தாய்மாரைவிட இவர்களின் பாலில் டையாக்சின் தெளிவாக அதிகம். அது வந்த வழியாக அவர்கள் சுட்டிக்காட்டியது பசும்பாலை. கிடங்கில் மேயும் மாடு, புகை படிந்ததைத் தின்கிறது, நச்சு பாலில் இறங்குகிறது, அந்தப் பாலைக் குடித்த தாயின் மார்புக்கு வருகிறது, குழந்தை குடிக்கிறது. குப்பையைக் கொளுத்தியவர் யாரோ, குடிப்பது பிறந்த குழந்தை.

மாட்டின் வயிற்றுக்குள்ளேயே போகும் பிளாஸ்டிக் தனி. 2019இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். மீந்த சோற்றைக் கவரில் முடிச்சுப் போட்டு எறிகிறோம். முடிச்சவிழ்க்க மாட்டுக்குக் கையில்லை.

கண்ணுக்குத் தெரியாத மிச்சம்

எரியாமலும் அள்ளப்படாமலும் போன துணுக்கு, நாம் முதலில் பிய்த்தோமே அந்த மூலையைப் போல, வெயிலிலும் அலையிலும் நொறுங்கிக்கொண்டே போகும். மட்காது; சிறிதாகும், அவ்வளவுதான். துவைக்கும் பாலியெஸ்டர் துணியும் தேயும் டயரும் தம் பங்குக்குத் துகளைச் சேர்க்கின்றன. தண்ணீர், உப்பு, மீன், மூச்சுக்காற்று வழியாக அது நமக்குள் வருகிறது. 2021இல் இத்தாலியில் சோதித்த 6 நச்சுக்கொடிகளில் 4இல் நுண்துகள் இருந்தது. 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் கிடைத்தது.

வாரம் ஒரு ஏ.டி.எம். கார்டு எடைக்குப் பிளாஸ்டிக் தின்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். பின்னால் வந்த ஆய்வுகள் அது மிகைக் கணக்கு என்று காட்டிவிட்டன. மிகைப்படுத்தாமலே கவலைப்படப் போதுமான சான்று இருக்கிறது. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இத்தாலிய ஆய்வு அவற்றில் முக்கியமானது. கழுத்து இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்து அறுவை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 150 பேரின் அடைப்புக்குள் பாலிஎத்திலீன் இருந்தது. பாக்கெட்டின் உள் அடுக்கும் சாம்பார் கவரும் அதே பாலிஎத்திலீன். சுமார் மூன்றாண்டில் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேரும் ஆபத்து, துகள் இருந்தவர்களுக்கு இல்லாதவர்களைவிட 4.5 மடங்கு. துகள்தான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வு நிரூபித்துவிடவில்லை, இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்றுதான் காட்டுகிறது. சிகரெட் விஷயத்திலும் முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருந்த ஆண்டுகளில்தான் ஏராளமானோர் செத்தார்கள்.

பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த உலக ஒப்பந்தம் ஒன்று எழுத 2022இல் நாடுகள் முடிவெடுத்தன. 2024இல் புசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேச்சு முறிந்தது. உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டும் என்று ஒரு தரப்பு; குப்பையைக் கையாண்டால் போதும் என்று எண்ணெய் நாடுகள். உச்சவரம்பு வேண்டாம் என்ற பக்கமே இந்தியாவும் நின்றது. கிணற்றிலிருந்து இரத்தக் குழாய் வரை பார்த்துவிட்ட பிறகு, குப்பையைக் கையாண்டால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்று வழி கனவல்ல. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு 2022இல் நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது; பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. விற்றவரே திரும்ப வாங்க வேண்டும் என்று கட்டாயமானால் வழி தானாகப் பிறக்கும் என்பதற்கு அது சான்று. எண்ணெய்க்குப் பாட்டிலும் பாலுக்குத் தூக்குச் சட்டியும் கொண்டுபோன ஊர் இது. ஷாம்புவையும் அப்படி அளந்து விற்க முடியும். ஒரு ரூபாய்க்கும் விற்க முடியும். கம்பெனிகளை அதற்குக் கட்டாயப்படுத்தச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். பார்சல் வாங்கப் போகும்போது பாத்திரம் எடுத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாசலில் கூட்டிய சருகோடு கவரையும் சேர்த்துக் கொளுத்துவதை இன்றே நிறுத்துங்கள். தெருவில் யாராவது கொளுத்தினால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயரைச் சொல்லித் தடுத்து நிறுத்துங்கள்.